பேப்பரில் வந்த கஞ்சி

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கல்முனையில் ஆங்கில ஆசிரியராக இருந்தேன். கூடவே கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குப் பகுதிநேர நிருபர். யானை நெல் வேளாண்மையை மிதித்தது, கடல் ஏறி மீன்வாடி சரிந்தது, பஸ் வாய்க்காலுக்குள் இறங்கியது என்று எழுதி அனுப்புவேன். அவை நாலு வரியாகச் சுருங்கி, மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் வரும். வாசித்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

ஒரு வருடம் நோன்பு வறண்ட கச்சான் காற்றோடு, யூலை வெயிலில் வந்தது. ஆசிரியபீடத்திலிருந்து ஒரு தபாலட்டை: நோன்பு காலத்தில் உங்கள் பக்கம் என்ன சாப்பிடுகிறார்கள், ஒரு கட்டுரை அனுப்பவும். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மாதத்தில் எங்கள் ஊரில் செய்தி என்றாலே சாப்பாடுதான். வீதியோரம் வெள்ளரிப்பழங்கள் தென்னோலையால் வரிந்து கட்டப்பட்டுக் குவிந்து கிடந்தன; கட்டாவிட்டால் வெடித்துவிடும். சம்மாந்துறைப் பக்கமிருந்து சைக்கிளில் எருமைத் தயிர் வந்தது. மருதமுனையில் பின்னேரம் தறிச் சத்தம் ஓய்ந்ததும் தெருவெல்லாம் எண்ணெய்ச் சட்டியின் மணம். எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில், எங்கள் ஒழுங்கை முனையிலிருந்த சின்னப் பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சியைப் பற்றி ஒரு வசனம் சேர்த்தேன். நிந்தவூரிலிருந்து மருதமுனை வரை இதற்கு நிகரான கஞ்சி கிடையாது என்று. நிந்தவூரில் நான் அதுவரை கஞ்சி குடித்ததே இல்லை. வசனம் நன்றாக விழுந்திருந்தது, அழிக்க மனம் வரவில்லை.

அந்தக் கஞ்சியைக் காய்ச்சியவர் தோணி செய்யும் தச்சர். ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் காக்காதான், அண்ணன். பதினொரு மாதம் உளியும் வாளும் பிடித்த கை, நோன்பு மாதத்தில் அகப்பை பிடிக்கும். தானும் நோன்பாளி என்பதால் உப்புப் பார்க்க மாட்டார். நாக்கு நுனியில் வைத்துத் துப்பிவிட்டால் நோன்பு முறியாது என்று மௌலவி சொல்லியும் கேட்கவில்லை. கஞ்சி கொதிக்கும் பெரிய கிடாரத்தின் மேல் குனிந்து ஆவியை முகர்ந்துவிட்டு, இன்னும் ஒரு பிடி உப்பு என்பார். ஒருநாளும் பிழைத்ததில்லை.

கட்டுரை ஒரு சொல்கூட வெட்டப்படாமல் வந்தது. வீரமுனையைச் சேர்ந்த கணித ஆசிரியர், என்னுடைய நெருங்கிய சிநேகிதர், அதை ஆசிரியர் அறையில் உரத்து வாசித்தார். நான் இரண்டு நாள் தரையில் நடக்கவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தால், பள்ளிவாசல் மதிலோரம் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் நிற்கின்றன. ஆட்கள் கையில் வாளி, கேன், மூடி போட்ட சட்டி. நிந்தவூரிலிருந்து சிலர் பஸ் ஏறியே வந்திருந்தார்கள். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப முடியாதென்று காக்கா எல்லோருக்கும் ஊற்றினார். எனக்கோ பெருமை. வரிசையில் நின்ற ஒருவரிடம், எழுதியது நான்தான் என்றுகூடச் சொன்னேன்.

நோன்பு திறந்த சற்று நேரத்தில் காக்கா என் வீட்டு வாசலில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மாஸ்டர், நீங்க எழுதினதுல எனக்கும் சந்தோசந்தான்," என்றார். "ஆனா இண்டைக்கு அந்தத் தறிக்காரப் புள்ளைக்குக் கஞ்சி இல்லாமப் போயிற்று. வெறும் ஜக்கோட திரும்பிப் போகுது. அதப் பாத்ததுக்குப் பொறகு எனக்குப் பேரீச்சம்பழம் தொண்டைக்குள்ள எறங்கல்ல."

அவர் சொன்ன பெண் எங்கள் ஒழுங்கையில்தான் இருந்தாள். கணவன் இல்லை, நான்கு பிள்ளைகள், கூலிக்கு நெய்து பிழைத்தாள். அந்த ஜக் கஞ்சியில்தான் அவர்கள் நோன்பு திறப்பதும், அதற்குப் பின் பசியாறுவதும். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. உள்ளே கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி எங்கள் சோற்றையும் கறியையும் மூடி எடுத்துக்கொண்டு அவளிடம் போனாள். அன்று நாங்கள் வெள்ளரிப்பழத்தைச் சீனி போட்டுத் தின்றுவிட்டுப் படுத்தோம்.

பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்புகிறேன் என்றதற்குக் காக்கா தலையாட்டவில்லை. தபால் போய், அச்சாகி வருவதற்குள் பாதி நோன்பு போய்விடும். அவரிடம் வேறு யோசனை இருந்தது. முதல் கிடாரம் மஹல்லாவுக்கு, அதாவது பள்ளிவாசலைச் சேர்ந்த எங்கள் குடும்பங்களுக்கு. வெளியிலிருந்து வருபவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அரிசியோ ஒரு தேங்காயோ கொண்டுவந்தால், அவர்களுக்கென்று இன்னொரு கிடாரம்.

"அதக் கிண்டுறது நீங்கதான்," என்றார்.

சிநேகிதரிடம் சொன்னேன். பள்ளிக்கூடம் விட்டு வீரமுனைக்குப் போக வேண்டிய மனிதர், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு என்னோடு வந்துவிட்டார். அவர் இந்து, நோன்பில்லை; ருசி பார்க்க ஒரு ஆள் கிடைத்தாயிற்று என்று எனக்குத் தைரியம். அவர் தேங்காய் துருவினார். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அகப்பையை எடுத்தேன். பாதிக் கஞ்சியில் கை சோர்ந்தது. அகப்பையைச் சாய்த்து வைத்துவிட்டு, வந்தவர் ஒருவரோடு கதைக்கத் தொடங்கினேன். திரும்பிக் கிண்டியபோது அடியில் ஏதோ தட்டுப்பட்டது. மெல்லிய புகை மணம்.

சிநேகிதர் ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மாலைத் தொழுகைக்கான பாங்கு கேட்டது. நானும் வெளியூர்க்காரர்களோடு அமர்ந்து என் கஞ்சியையே குடித்தேன். சட்டி கரிந்த கசப்பு. நாள் முழுக்க வெயிலில் வறண்ட அத்தனை பேரும் முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார்கள். கடைசியில் நிந்தவூர்க்காரர் ஒருவர், பேப்பரில் எழுதியவர் யார் என்று பொதுவாகக் கேட்டார். காக்கா அகப்பையாலேயே என்னைக் காட்டினார்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, இரக்கம்தான் இருந்தது. "ஒரு நாளைக்கு எங்கட ஊருக்கு வாங்க மாஸ்டர்," என்றார். "கஞ்சி தாறம்."

மறுநாள் பாதிப் பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த நாள் இரண்டு சைக்கிள். வாரம் முடிவதற்குள் இரண்டாம் கிடாரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டோம். தறிக்காரப் பெண்ணின் ஜக் முதல் ஆளாக நிரம்பியது. காக்காவுக்கு என்மேல் மறுபடி பிரியம் வந்து, என் பங்கில் ஒரு இறைச்சித் துண்டு கூடுதலாக விழுந்தது.

கஞ்சி கரிந்தது தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று சிநேகிதரைக் கேட்டேன். சுற்றி நின்றவர்களின் காய்ந்த உதடுகளைப் பார்த்தபின் இந்தக் கஞ்சியைக் கொட்டுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை என்றார்.

நோன்பு முடிய மூன்று நாள் இருக்கையில் இருவரும் நிந்தவூருக்கு பஸ் ஏறினோம். கஞ்சி தருவதாகச் சொன்ன அந்த மனிதர் பள்ளிவாசல் முன்பே நின்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பாங்கு சொன்னதும் முதல் மிடறு குடித்தேன். ரம்பை இலையும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் ஒன்றையொன்று முந்தாமல் தொண்டையில் இறங்கின. சிநேகிதர் என்னைப் பார்க்காமல் இரண்டாவது கோப்பைக்குக் கை நீட்டினார்.

"எப்படி மாஸ்டர்?"

"எங்கட கஞ்சிய விட நல்லம்," என்றேன். உண்மை அதுதான்.

"இதையும் பேப்பர்ல போடுவீங்களா?"

"இல்ல, போட மாட்டன்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்று சொல்லிவிட்டு, என் கோப்பையையும் வாங்கி நிரப்பினார்.