அழாத ஐந்து நிமிஷம்

கதவைச் சாத்திக்கொண்டு நான் வெளியே போனபோது என் மகள் ஏன் அழவில்லை? எட்டு மாதமாக யோசிக்கிறேன், விடை தெரியவில்லை.

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக்கு அன்று ஒரு கல்லூரிப் பேராசிரியை வந்தார். செம்பூரில் வளர்ந்த தமிழ்ப்பெண், மனோதத்துவம் படித்தவர். தாயிடம் குழந்தைக்கு உள்ள ஒட்டுதல் தேசத்துக்குத் தேசம் எப்படி மாறுகிறது, வளர வளர என்ன ஆகிறது என்று வெளிநாடுகளில் ஆராய்கிறார்களாம். இவர் பம்பாய்க் குழந்தைகளைப் பார்க்கிறார். பி.ஏ.வில் அந்தப் பாடத்தைக் கொஞ்சம் படித்தவள் நான். பெருமையாகவே சம்மதித்தேன்.

குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து வெளியே போக வேண்டும். ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்ப வேண்டும். அவர் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். அவ்வளவுதான்.

மழைக்கால மத்தியானம். ஜன்னல் திரை மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் அறையெல்லாம் பச்சை வெளிச்சம். ஒன்றேகால் வயது மகள் தரையில் கரண்டியை உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் தலை குனிந்த நேரம் பார்த்து எழுந்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு சத்தமில்லாமல் வெளியேறிக் கதவைச் சாத்தினேன்.

தினமும் அப்படித்தான். கோட்டைப் பக்கம் ஓர் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது எதிர்வீட்டு மாமி. காலையில் அவள் குழந்தைக்குப் பால்கனியில் காக்காய் காட்டுவாள். அதற்குள் நான் மாடிப்படி இறங்கிவிடுவேன். எங்கள் கட்டடத்தில் வேலைக்குப் போகிற அம்மாக்கள் எல்லோரும் இப்படித்தான் நழுவுகிறோம். ரயிலில், சக்கரச் சத்தத்துக்குள் எங்கோ அவள் அழுவதுபோல் கேட்கும். பைகுல்லா ஸ்டேஷன் தாண்டினால் நின்றுவிடும்.

மூடிய கதவுக்கு வெளியே நின்றேன். கரண்டி உருளும் ஓசை நின்றது. சின்னக் கால்கள் கதவருகே வந்தன. கதவைத் தட்டினாள்.

"மாமீ!" என்றாள், நிதானமாக.

நான் திரும்பி வந்ததும் கரண்டியை என்னிடம் நீட்டினாள். வேறொன்றும் இல்லை.

"செருப்பை ஏன் கையில எடுத்துண்டேள்?" என்றார் பேராசிரியை.

"பழக்கம்..."

"அவளுக்குத் தெரிஞ்சு ஒரு நாளாவது போயிருக்கேளா? தப்புன்னு சொல்லலை, கேக்கறேன்." ஏதோ எழுதிக்கொண்டார். "ரெண்டு வயசானதும் மறுபடி வரேன்."

மாமியிடம் சொன்னேன். சிரித்தாள். "அழுதாத்தான் அம்மாவாடி? என் நாலு கொழந்தைகள்ல ஒண்ணும் அழுததில்லை. அப்போ நானும் ஃபெயிலா? என்னைக் கூப்பிட்டுட்டாளேன்னு உனக்கு வயத்தெரிச்சல், சொல்லிடேன்!"

வயிற்றெரிச்சல்தான். ஆனால் மாமி இல்லாவிட்டால் நான் எந்த ரயிலைப் பிடிப்பது?

மறுநாள் முதல், "அம்மா ஆபீஸ் போயிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டே புறப்படுகிறேன். முதல் வாரம் வெறுமே பார்த்தாள். இப்போது புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். "நன்னா இருந்த கொழந்தையைக் கெடுத்துட்டே" என்று மாமிக்குக் கோபம். என் கணவரும் அதையே சொல்கிறார். எனக்கோ, வெளியே சொல்ல வெட்கமாக, அந்த அழுகையில் ஒரு சந்தோஷம். ரயிலில் பாதி வழிவரை அவளுடைய ஈரக் கை என் இடுப்பில் இருப்பதுபோலவே இருக்கும். பிறகு பயம் வரும்: என் திருப்திக்காகவா அவளை அழ வைக்கிறேன்?

அடுத்த மாதம் அவளுக்கு இரண்டு வயது. பேராசிரியை வருவார். அவர் முன்னால் நான் எப்படி வெளியே போவது? அதற்கு மறுநாள் காலை எட்டரை மணிக்கு எப்படிப் போவது? வேலைக்குப் போகிற வாசகிகளே, நீங்கள் குழந்தையிடம் சொல்லிக்கொண்டு புறப்படுகிறீர்களா, சொல்லாமலா? வளர்ந்த பிறகு உங்கள் பிள்ளைகள் அதைப் பற்றி என்ன சொன்னார்கள்? தயவுசெய்து எழுதுங்கள்.