எழுதாமல் விட்ட வரி

என் நாத்தனாருக்கு மென்பொருள் கம்பெனியில் உதவிக் குறிப்பு எழுதும் வேலை. ஒரே புராஜெக்டை இரண்டு ஃபோல்டரில் வைத்து வேலை செய்வது எப்படி என்று எழுதியவள், "முடிந்ததும் இரண்டாவது ஃபோல்டரை அழித்துவிடலாம்" என்று முடித்திருந்தாள். அதற்குமுன் மாற்றங்களைக் கமிட் செய்ய வேண்டும், அதாவது புராஜெக்டில் நிரந்தரமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. அது யாருக்குத்தான் தெரியாது என்று விட்டுவிட்டாள்.

புதிதாகச் சேர்ந்த பெண் அதை நம்பி மூன்று வார வேலையை அழித்துவிட்டாள்.

"ஏதாவது வழி இருக்கும்ல அக்கா?" என்று நாத்தனாரிடம் வந்து நின்றாள்.

அழிந்ததை மீட்க மதியம்வரை தேடியும் வழி கிடைக்கவில்லை. நாத்தனார் மேனேஜரிடம் ஓடினாள்.

"அவளை அனுப்பிடாதீங்க சார். இங்க குறிப்பைப் படிக்கிற ஒரே ஆள் அவதான். தப்பு என்னோடது."

"அதை எழுதிக் கொடுங்க."

பன்னிரண்டு வருட வேலை. போய்விடும் என்று தெரிந்தும் பேனாவைக் கேட்டு வாங்கினாள்.