கோயம்புத்தூர்க்காரர் திரும்பக் கூப்பிடவில்லை

1. அடிவயிறு

வண்டிக்கு அடியிலிருந்து சேவியர் அண்ணாச்சியின் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வெகுநேரமாகச் சத்தமே இல்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. உள்ளே துரு இருந்தால் திட்டியிருப்பார். திட்டவில்லை. அப்படியானால் வண்டி நல்ல வண்டி. வெளியே வந்ததும் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவாரோ என்பதுதான் என் பயம்.

தூத்துக்குடியில் பழைய கார் பார்த்து வாங்கிக் கொடுப்பது என் தொழில். புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் இன்ஜினைப் பற்றிக் கேட்கிறார்கள், மீட்டரைத் திருப்பி வைக்கும் தில்லுமுல்லைப் பற்றிக் கேட்கிறார்கள். நான் முதலில் சொல்வது காற்றைப் பற்றி. எங்கள் ஊர்க் காற்றுக்குப் பல் உண்டு. உப்பளத்தைத் தடவிக்கொண்டு வரும், முத்தையாபுரத்துச் சந்துக்குள் நுழையும், நிறுத்தியிருக்கும் காரின் வயிற்றை மெல்ல மெல்லத் தின்னும். மேலே பெயின்ட் கல்யாண மாப்பிள்ளைபோல மினுங்கும். கீழே ஸ்குரூ டிரைவரால் குத்தினால் சல்லடை. ஆகவே நல்ல வண்டி வேண்டுமென்றால் கடலுக்கு முதுகைக் காட்டி ஓட வேண்டும். நாங்கள் ஓடியது கோயம்புத்தூருக்கு.

சேவியர் அண்ணாச்சி கப்பலில் இருந்தவர். உலகத்துத் துறைமுகங்களையெல்லாம் அவர் பார்த்ததைவிட, சுத்தியலும் கையுமாகக் குனிந்து டெக்கில் துரு தட்டியதுதான் அதிகம். மெடிக்கலில் அன்ஃபிட் என்று எழுதிக் கரையில் இறக்கிவிட்டார்கள். அப்போதுதான் ஒரு ஷிப்பிங் ஆபீஸ், கப்பல் ஆட்களை ஹார்பரிலிருந்து வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட, மஞ்சள் போர்டு கார் ஒன்று கேட்டது. மாதம் பிறக்கும்போது வண்டி வாசலில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். கடலும் போய், இதுவும் போனால் அவருக்கு வேறு வழி கிடையாது.

ரயில் முழுக்க அவருக்கு ஒரே பாடம்தான் நடத்தினேன்: பிடித்திருந்தால் முகத்தில் காட்டக் கூடாது.

அவர் வெளியே வந்தார். துக்க வீட்டிலிருந்து வருகிற முகம். முழங்கையைத் தட்டிவிட்டு, "பாக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அந்த இடத்திலேயே அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது.

2. மரியாதை

அந்தப் பழைய கார் யார்டு வைத்திருந்த வியாபாரியின் பெயர் கதிர்வேல். எங்கள் ஊரில் பேரம் என்றால் குரல் உயரும், கை ஆடும், நடுவில் ஒரு தடவையாவது சண்டை வரும். கதிர்வேலிடம் சண்டை போட முடியவில்லை. காபி கொடுத்தார். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஐந்தே கால் லட்சம் என்றார். நான் நாலரை என்றேன். ஐந்துக்கு வந்தார். அங்கேயே நின்றார்.

டயரைக் குறை சொன்னேன். ஒத்துக்கொண்டார். கிளட்ச் இறுக்கமாக இருக்கிறது என்றேன். அதையும் ஒத்துக்கொண்டார். எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டுவிட்டு, "அதுக்குக் கீழ கட்டாதுங்ணா" என்றார், மயிலிறகால் தடவுகிற மாதிரி.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். எழுந்தேன். "வாங்க அண்ணாச்சி, போவோம்."

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் இப்படி எழுந்து நாலு எட்டு வைப்பதற்குள், "ஏலே, இங்கன வா, என்னதான் குடுப்ப?" என்று பின்னாலிருந்து சத்தம் வந்துவிடும். முதுகைக் காட்டுவதும் பேரத்தில் ஒரு பேச்சுதான். ஆனால் கதிர்வேல் எங்களோடு சேர்ந்து வாசல்வரை நடந்து வந்தார். வெயிலில் நடக்க வேண்டாமென்று ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு விடச் சொல்லி, வாடகையையும் அவரே கொடுத்தார். கையெடுத்துக் கும்பிட்டு, "பாத்துப் போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார்.

போக விருப்பமே இல்லாத இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தோம்.

3. ஆட்டோ

"ஏன் வே, கூப்பிட மாட்டுக்கான்?" என்றார் அண்ணாச்சி.

கூப்பிடுவார் என்றேன். தெருமுனை வந்தது. சிக்னல் வந்தது. அண்ணாச்சி கட்டிவைத்திருந்த முகம் அவிழ்ந்தது.

"ஒரு பொட்டுத் துரு கெடையாது வே. கையால தடவிப் பாத்தேன். காலம்பூரா தட்டித் தட்டிச் செத்தவன் நான், இப்படி ஒரு அடிவயித்தக் கண்டதில்ல. அதப்போயி விட்டுட்டு வாரீரே."

நான் ரகசியமாகத் தந்திரத்தை விளக்கினேன். ஐந்து லட்சத்துக்கு நம்மிடம் பணம் இல்லை, நாலரைக்கு அவர் இறங்கியே ஆக வேண்டும் என்றேன். அண்ணாச்சி அப்போதுதான் என்னிடம்கூட மறைத்துவைத்திருந்ததைச் சொன்னார்.

"நாலே முக்கா வரைக்கும் எங்கிட்ட இருக்கு. அதுல தொடச்சிக் குடுத்துருவேன். பேரு மாத்துத செலவுக்கு மச்சான்கிட்டதான் கேக்கணும். அவன்கிட்ட கேக்குததுக்குப் பதிலா கடல்லயே குதிச்சிரலாம், ஆனா கேப்பேன்."

அவர் சொல்லி முடித்து இரண்டு தெரு தாண்டியிருப்போம். என் போன் அடித்தது. கதிர்வேல்.

"அண்ணா, நாலே முக்காலுக்கு எடுத்துக்கறீங்களாங்க?"

எனக்கு உடம்பெல்லாம் பெருமை. அண்ணாச்சியைப் பார்த்துக் கண்ணடித்தேன். முதுகைக் காட்டியது வேலை செய்துவிட்டது. கொஞ்சம் யோசிக்கிற மாதிரி இழுத்தேன். அதற்குள் அவரே தொடர்ந்தார்: "பேர் மாத்தற செலவு நம்முளுதுங்ணா. அதுக்கோசரம் மச்சாங்கிட்டப் போய்க் கேட்டுட்டு இருக்க வேண்டாமுங்க."

நான் மெதுவாக நிமிர்ந்து பார்த்தேன். டிரைவரின் முன்னால், கண்ணாடிக்குக் கீழே, ஒரு போன் மாட்டியிருந்தது. அதிலும் கதிர்வேலின் பெயரில் ஒரு போன் கால் ஓடிக்கொண்டிருந்தது.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பேரம் யார்டு வாசலில் முடிவதில்லை. அந்த ஊர் எல்லை தாண்டும்வரை வாயைத் திறக்காதீர்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால், உண்மையைப் பேசுங்கள். அன்றைக்கு நான் பேசிய தந்திரத்துக்கு ஒரு பைசா குறையவில்லை. அண்ணாச்சி சொன்ன உண்மைக்குக் கால் லட்சம் குறைந்தது, மச்சான் செலவும் சேர்த்து.

"சரிங்க" என்று போனில் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை இன்னும்.

ஆட்டோ ஏற்கெனவே யூ டர்ன் அடித்திருந்தது.