தகவலுக்காக மட்டும்

மேடம் தஹானி ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவார். முதலில், முறித்துக்கொள்வது எப்படி என்ற பிரிவு. பிறகு, வழக்கு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம். அதன்பின் தாமதத்துக்கான அபராதம். இரு தரப்பும் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்ளும் முன்பக்கத்துக்கு வருவதற்குள் தேநீர் ஆறிவிடும். அந்தப் புகழ்ச்சியையும் ஆறிய தேநீரையும் ஒரே மடக்கில் முடித்துவிடுவார்.

"முடிவைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் படத்துக்கே போவாங்க" என்று கணக்குப் பிரிவில் கேலி செய்வார்கள். அவர் விடமாட்டார்.

"நிக்காஹ் பேசும்போதே தலாக் ஆனா பொண்ணுக்குத் தர வேண்டிய மஹர் பணம் பாக்கி எவ்வளவுன்னு எழுதிக்கிறீங்களே, அப்ப மட்டும் ஏன் சிரிக்கல?"

ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அலெக்ஸாந்திரியாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஒப்பந்தப் பிரிவில் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவர். மேசை இழுப்பறையில் வறுத்த சூரியகாந்தி விதை எப்போதும் இருக்கும். பல்லால் உடைத்துத் தொலியைப் பழைய வரைபடச் சுருளுக்குள் துப்புவார். லிஃப்டில் ஏறினால் பராமரிப்பு ஒப்பந்தச் சீட்டு காலாவதியாகிவிட்டதா என்று பார்ப்பார். ஆகியிருந்தால் இறங்கிப் படியேறுவார். யாராவது "இன்ஷா அல்லாஹ், முடிச்சுடலாம்" என்றால், "இன்ஷா அல்லாஹ்வுக்குப் பக்கத்துல ஒரு தேதி போடுங்க" என்பார்.

துணை ஒப்பந்தக்காரர்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கும்போது அவர் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. "வரைபடம் என்ன கட்டணும்னு சொல்லும். விவரக்குறிப்பு எப்படிக் கட்டணும்னு சொல்லும். அளவுப்பட்டியல் எவ்வளவுன்னு சொல்லும். நிபந்தனை இருக்கே, அதுதான் எவன் தலையில விழும்னு சொல்லும்." எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆவணங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் எதன் பேச்சு செல்லும் என்பதற்கும் ஒரு பிரிவு உண்டு. அதைத் தன் கைப்பட எழுதுவதில் அவருக்குத் தனிப் பெருமை. அவர் எழுதிய ஒப்பந்தத்தால் நிறுவனம் ஒரு வழக்கிலும் தோற்றதில்லை.

அதே நகரின் ஸ்மூஹா பகுதியில் மூன்று அடுக்கு நிலவறையோடு ஒரு குடியிருப்புக்கு வேலை வந்தது. ஒரு காலத்தில் ஏரியாக இருந்த மண். மண் பரிசோதனை அறிக்கை தெளிவாக இருந்தது: ஆள் உயரத்துக்குத் தோண்டுமுன்பே தண்ணீர் வரும், பக்கங்களில் இரும்புத் தகடு இறக்காமல் தோண்டக் கூடாது. அளவுப்பட்டியலில் தகடும் இருந்தது, தண்ணீர் இறைக்கும் பம்பும் இருந்தது. நிர்வாக இயக்குநர் முக்தார் இரண்டையும் பேனாவால் அடித்துவிட்டார்.

"இதைப் போட்டா டெண்டர் விலையில நாம நிக்கவே முடியாது. நிபந்தனையில பாத்துக்கோங்க மேடம்."

தஹானி பார்த்துக்கொண்டார். "குழியை உலர்வாகவும் பாதுகாப்பாகவும் வைத்திருப்பது துணை ஒப்பந்தக்காரரின் பொறுப்பு" என்று ஒரு வரி. மண் அறிக்கையின் தலையில் ஒரு முத்திரை: "தகவலுக்காக மட்டும், ஒப்பந்தத்தின் பகுதி அல்ல." இரண்டும் தொழிலில் வழக்கமானவைதான். ஊரில் யாரும் செய்யாத எதையும் அவர் செய்துவிடவில்லை.

குழி தோண்ட வந்தவர் ரயிஸ் உவைஸ். மேலை எகிப்தின் ஸோஹாகைச் சேர்ந்த மேஸ்திரி; அங்கே மேஸ்திரியை ரயிஸ் என்பார்கள். ஊர்க்காரர்களையும் உறவுக்காரர்களையும் சேர்த்துக் கூட்டமாக வேலை எடுப்பவர். எழுத்து தெரியாது. பெயர் பொறித்த பித்தளை முத்திரையைக் கழுத்துக் கயிற்றில் மாட்டியிருப்பார்.

"மேடம், தண்ணி வருமா? எங்க ஊர்ல குழி வெட்டினா பழைய ஃபிர்அவுன் ராஜா எந்திரிச்சு வருவான். இங்க வெட்டினா கடலே வந்துடுமோ?"

"அறிக்கை உள்ள இருக்கு ரயிஸ். பாத்துக்கோங்க."

"நான் பாத்தா எறும்பு ஓடுற மாதிரி இருக்கும். நீங்க பாத்துட்டீங்கல்ல?"

"பாத்துட்டேன்."

"அப்புறமென்ன" என்று முத்திரையை நாக்கில் ஈரப்படுத்தி, மையில் ஒற்றி, காகிதத்தில் பதித்தார் உவைஸ். போகும்போது இழுப்பறையிலிருந்து ஒரு கை விதையை அள்ளிக்கொண்டு போனார். அந்த உரிமை அவருக்கு மட்டும் இருந்தது.

குளிர்காலப் புயல்மழையின் இரண்டாவது காலையில் குழியின் கிழக்குப் பக்கம் சரிந்தது. கீழே இருவர் இருந்தார்கள். ஒருவன் உவைஸின் மனைவி சபாஹின் தம்பி; இன்னொருவன் அவர்கள் ஊர்ப் பையன். இயந்திரத்தை இறக்கினால் மற்ற பக்கமும் சரியும் என்றார்கள். உவைஸ் வெறுங்கையால் தோண்டினார். உடல்கள் கிடைத்தபோது அவர் விரல்களில் நகம் இல்லை. அந்தக் கைகளுக்குத்தான் காவலர்கள் விலங்கு மாட்டினார்கள்.

மறுநாள் முக்தார் ஒப்பந்தப் பிரிவுக்கே இறங்கி வந்தார். உட்காரவில்லை.

"நாம சுத்தமா இருக்கோமா மேடம்?"

"சுத்தமா இருக்கோம்" என்றார் தஹானி.

அது பொய்யில்லை. பிரிவு எண்களோடு விளக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். ஒரு வார்த்தையை அசைக்க முடியாது. எழுதி முடித்தபின் விதையை உடைக்க வாய்க்குக் கொண்டுபோனார். உடைக்காமல் திரும்ப வைத்தார்.

விசாரணை அறையில் அரசு வழக்குரைஞர் இளைஞர், கண்ணில் தூக்கமில்லை. நிறுவனத்தின் வக்கீல் தஹானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேள்விகளுக்குத் தஹானி வழக்கம்போல் பதில் சொன்னார். பொது நிபந்தனை என்றால் எல்லா வேலைக்கும் உள்ளது. சிறப்பு நிபந்தனை என்றால் இந்த வேலைக்கென்று எழுதியது. மோதினால் சிறப்பு நிபந்தனைதான் செல்லும். வக்கீல் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"தகவலுக்காக மட்டும்னா என்ன அர்த்தம் மேடம்?"

"அதை நம்பி ஏதாவது செஞ்சா நாங்க பொறுப்பில்லைன்னு அர்த்தம்."

"அதுல இருக்கிற தகவல் சரியா, தப்பா?"

"சரி."

"சரியான தகவல். படிக்கத் தெரியாத ஆளு. யாராவது சொன்னீங்களா அவருக்கு?"

கையெழுத்திட்டவர் எல்லா ஆவணங்களையும் படித்துப் புரிந்துகொண்டதாகவே கருதப்படுவார் என்று அதே ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. அதன் எண் தஹானியின் நாக்கு நுனியில் நின்றது. வக்கீல் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி வருமான்னு அவரே கேட்டாரு" என்றார் தஹானி. "நான் சொல்லல. தகடும் பம்பும் பட்டியல்ல இருந்துச்சு. எடுத்தோம். எடுத்தது தெரிஞ்சுதான் குழி அவர் பொறுப்புங்கிற வரியை எழுதினேன்."

வக்கீல் அவர் முழங்கையைத் தொட்டார். "மேடத்துக்கு உடம்பு சரியில்ல" என்றார்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்கள். அதனால் பெரிதாக எதுவும் நிமிர்ந்துவிடவில்லை. நிறுவனம் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீடு கொடுத்து ஒதுங்கிக்கொண்டது. முக்தார் தப்பினார்; தளப் பொறியாளருக்கு ஆறு மாதம். தகடு இல்லாத குழிக்குள் ஆட்களை இறக்கியது உவைஸ்தானே என்று நீதிபதி கேட்டார். உவைஸுக்குக் கிடைத்தது மூன்று ஆண்டு. தஹானியை முன்கூட்டியே ஓய்வில் அனுப்பினார்கள். அவர் வைத்துவிட்டுப் போன ஒப்பந்தப் படிவத்தைத்தான் இன்றும் அங்கே பயன்படுத்துகிறார்கள்.

பார்வை நாட்களில் தஹானி நகருக்கு வெளியே இருக்கும் சிறைக்குப் போகிறார். உறவினர் அல்லாததால் உள்ளே அனுமதியில்லை. வெளிச்சுவர் ஓரம் பெண்களின் வரிசையில் சபாஹுக்குப் பக்கத்தில் நிற்பார். முதல் சில மாதம் சபாஹ் அவர் பக்கம் முகத்தையே திருப்பவில்லை. ஒருநாள் கேட்டாள்:

"எதுக்கு வர்றீங்க?"

"பை கனமா இருக்குமேன்னு."

"கனமாத்தான் இருக்கு" என்ற சபாஹ், சோறும் பொரித்த கோழியும் நிறைந்த பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். கொடுக்கவில்லை.

போன வாரம் அவள் உள்ளே போய்த் திரும்பி வரும்போது வெயில் ஏறியிருந்தது. துவைக்க வேண்டிய துணிகளும் காலிப் பாத்திரங்களும் பையில் பிதுங்கின. பேருந்து நிற்கும் இடம் வரை மணல்.

"நீங்க வந்திருக்கீங்களான்னு கேட்டாரு" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னு சொன்னேன்."

இருவரும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். சபாஹ் நின்றாள். பையின் ஒரு காதை மட்டும் விரலிலிருந்து கழற்றி, முகத்தைப் பாராமலே, தஹானியின் பக்கம் நீட்டினாள்.