மூக்கில் நூல் கோக்கிற ஃபௌஸ்தீனோ

இத்தாலியில், மலைகளுக்கு நடுவே இருக்கும் லுமெட்சானேயில் ஃபௌஸ்தீனோ என்றால் எந்த ஃபௌஸ்தீனோ என்று கேட்பார்கள். அந்தப் பெயரில் தெருவுக்கு நாலு பேர். மூக்கில் நூல் கோக்கிற ஃபௌஸ்தீனோ என்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். கல்யாண விருந்தில் இரண்டு கோப்பை ஒயின் உள்ளே போனதும் மனிதர் சட்டைப் பையிலிருந்து நூலை எடுப்பார். ஒரு நாசியில் விட்டு மறு நாசியில் வெளியே இழுப்பார். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், ஆண்கள் கைதட்டுவார்கள். மூக்கின் நடுச்சுவரில் அவ்வளவு பெரிய ஓட்டை. காலமெல்லாம் குரோமியத் தொட்டியின் ஆவியை முகர்ந்ததில் கிடைத்தது. அவர் அதைப் பட்டாளத்தில் வாங்கிய பதக்கம் போல வைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய பட்டறையில் தண்ணீர்க் குழாய்களைத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, குரோமிய முலாம் பூசுவார்கள். குரோமியத்தில் இரண்டு ரகம். பட்டறையில் இருந்தது ஆறாம் ரகம்: செக்கச்செவேல் என்றிருக்கும், விஷம், ஆனால் குழாய்க்கு நீலம் பாய்ந்த பளபளப்பு கொடுக்கும். சட்டம் கேட்பது மூன்றாம் ரகம்: பச்சையாக இருக்கும், விஷம் குறைவு. மகள் நாதியா அதற்கு மாறச் சொல்லித் தினமும் மன்றாடினாள்.

"அது குரோமியமா? கீரை வெந்த தண்ணி! அதுல முக்கின குழாயப் பாத்தா மஞ்சக்காமாலை வந்தவன் மாதிரி இருக்கு" என்பார் அப்பா.

பழைய தொட்டிக்கு அனுமதி முடிகிற நேரம். அதை நீட்டிக்க, ஆவியால் யாருக்கும் கெடுதல் இல்லை என்று சுகாதார அலுவலகத்து டாக்டர் சொல்ல வேண்டும். டாக்டர் கொலம்பி முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றது ஒரு வெள்ளிக்கிழமை. பட்டறை ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் விருந்து அன்றுதான். முற்றத்தில் காலையிலிருந்தே கம்பியில் கோத்த இறைச்சி வெண்ணெய் சொட்டச் சொட்டச் சுழன்றுகொண்டிருந்தது.

"ஒரு துண்டு சாப்பிடுங்க டாக்டரம்மா" என்றார் ஃபௌஸ்தீனோ.

"வேலையா வந்திருக்கேன். தொட்டி மேல ஆவிய இழுக்கற காத்தாடி ஏன் ஓடல?"

"ரேடியோல சைக்கிள் பந்தயம். அது ஓடினா ஒரு வார்த்தை காதுல விழாது."

நாதியா தலையில் கை வைத்துக்கொண்டாள். டாக்டர் எதையோ குறித்துக்கொண்டார். "இந்த ஆவி மூக்க அரிச்சிடும், தெரியுமில்ல?"

ஃபௌஸ்தீனோவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அரிக்குமா! என் காலம் பூரா இதுலதான் நிக்கறேன். எனக்கு என்ன ஆச்சு? கல்லு மாதிரி இருக்கேன், பாருங்க!"

இறைச்சி கட்டும் நூலில் ஒரு முழம் பிய்த்தார். "முதலாளி, வேண்டாம்" என்று பாலிஷ் போடும் ஒரெஸ்தே முணுமுணுப்பதற்குள் நூல் இடப்பக்கம் போய் வலப்பக்கம் வந்துவிட்டது. வழக்கம்போல இரண்டு கைகளையும் விரித்துக் கைதட்டலுக்குக் காத்திருந்தார். யாரும் தட்டவில்லை.

டாக்டர் பையிலிருந்து ஒரு சின்ன டார்ச்சை எடுத்தார். "இன்னொரு தடவை செய்ங்க."

மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா? படிச்சவங்களுக்கு அருமை தெரியுது!" என்று மகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மறுபடியும் இழுத்தார்.

"சரி. இனி எல்லாரும் வரிசையா வாங்க, மூக்கப் பாக்கணும்."

ஒரெஸ்தே தப்பித்தான், அவன் தொட்டிப் பக்கமே போவதில்லை. கடைசியில் நாதியா வந்தாள். அப்பாவுக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து தொட்டிப் பக்கம் நிற்பது அவள்தான். டாக்டர் நெடுநேரம் பார்த்தார்.

"ரத்தம் வருதா?"

"காலைல மட்டும். ஜலதோஷம்னு நெனச்சேன்."

"ஓட்டை இன்னும் விழல. புண்ணாயிருக்கு. இப்பவே நிறுத்தினா ஆறிடும்."

ஃபௌஸ்தீனோவின் மூக்கில் நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. "நிறுத்தலேன்னா?" என்றார்.

"உங்கள மாதிரி இவங்களும் நூல் கோக்கலாம்."

ஃபௌஸ்தீனோ நூலை மெதுவாக உருவிக் கையில் சுருட்டிக்கொண்டார். மகளின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. உள்ளே போய்த் தொட்டியின் மின்சாரத்தை அணைத்தார். ரேடியோவையும் அணைத்தார், பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. "ஒரெஸ்தே, தொட்டிய மூடு. டாக்டரம்மா, எனக்கு நீட்டிப்பு வேண்டாம். நாதியா, அந்தக் கீரைத் தண்ணிய எங்க விக்கிறாங்க?"

புதுத் தொட்டி வந்தது. குழாய்கள் லேசாக மஞ்சள் தட்டின. வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தால், "கண்ணாடிய மாத்துய்யா" என்று ஃபௌஸ்தீனோவே எகிறுவார். வீட்டுக்குள் மட்டும் குளியலறையின் பழைய நீலப் பளபளப்புக் குழாயைப் பார்த்து ரகசியமாகப் பெருமூச்சு விடுவார்.

அடுத்த வருஷ விருந்தில் இரண்டு கோப்பை ஆனதும் எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். "நூல்! நூல்!"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். எதிரே நாதியா, ஜலதோஷம் இல்லாத மூக்கால் வெண்ணெய் வாசனையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அதோட முடிஞ்சுதுப்பா. அந்த வித்தைக்கு எனக்கு வாரிசு இல்ல" என்றார் ஃபௌஸ்தீனோ.

நாதியா இருந்ததிலேயே பெரிய துண்டை அவர் தட்டில் வைத்தாள்.