தடுக்கப்பட்டவர்களின் பக்கம்

மேற்கு வங்காளத்தின் சால்ட் லேக்கில் ஒரு சிறிய இன்டர்நெட் கம்பெனியில் வேலை பார்த்தேன். வீடுகளுக்கு இணைப்புக் கொடுப்போம், கூடவே ஒரு மெயில் முகவரியும். எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் அந்த இணைப்பிலிருந்து ஓயாமல் குப்பை மெயில் அனுப்பிக்கொண்டிருந்தார். ஊர் ஊராகப் புகார் வரும். படிப்பது என் வேலை. பதில் போடக் கூடாது என்பது மேனேஜர் உத்தரவு. அந்த வாடிக்கையாளர் பெரிய பார்ட்டி.

ஒருநாள், தமிழர்கள் நிறைய வசிக்கும் லேக் மார்க்கெட்டிலிருந்து, எங்கள் இணைப்பு வைத்திருக்கும் ஒரு மாமி வந்தார். இங்கே தமிழ் பேசுகிற ஆள் இருப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். வைத்தியத்துக்குத் தெற்கே போகும் வங்காளிகளுக்காக ஆஸ்பத்திரிகளுக்கு எழுதி, டாக்டரைப் பார்க்க நாள் வாங்கித் தருபவர் அவர்.

"நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலிருக்குப்பா. எதிர் ஃப்ளாட் வங்காளிப் பெரியவர், நாங்க தாதாம்போம், அவருக்கு இருதயத்துல அடைப்பு. நாள் கேட்டு மெயில் போட்டேன். அதை நம்பி அவரும் அவர் சம்சாரம் பௌதியும் ரயிலேறிப் போயிட்டா. அங்க மெயிலே வரலைங்கறாளாம். பாஷை தெரியாம வராந்தாவுல உக்காந்திருக்கா."

போனை வாங்கிப் பார்த்தேன். அவர் மெயில் போய்ச் சேராமல், எண்கள் நிறைந்த ஓர் அறிவிப்போடு திரும்பியிருந்தது. எங்கள் கம்பெனியிலிருந்து வரும் எல்லா மெயிலையும் அந்த ஆஸ்பத்திரி தடுத்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தக் குப்பை மெயில் பற்றி அவர்கள் அனுப்பிய புகார்களை நானே படித்திருந்தேன்.

"என்னமோ நம்பரா வந்துதே, அதுவா? வேண்டாத மெயில்னு விட்டுட்டேன்" என்றார் மாமி.

மாமியை மேனேஜர் அறைக்கு அழைத்துப் போனேன். நேரில் பார்த்தாலாவது மனசு இளகும் என்று நினைத்தேன். அவர் எழுந்து நின்று, வங்காள மொழியில் இனிமையாக, "சர்வர்ல சின்னக் கோளாறு மாஷிமா, ஓரிரு நாள்ல சரியாயிடும்" என்றார்.

மாமி என் பக்கம் திரும்பினார். "நெஜமாப்பா?"

"இல்ல மாமி. தப்பு எங்க மேலதான். வேற கம்பெனி மெயில்லேர்ந்து அனுப்பினாத்தான் போகும்."

"என்ன சொல்றாங்க?" என்று கேட்டார் தமிழ் தெரியாத மேனேஜர்.

"உங்களுக்கு நன்றி சொல்றாங்க" என்றேன் வங்காள மொழியில். மேனேஜர் மாமியைக் கும்பிட்டார். வங்காள மொழி நன்றாகத் தெரிந்த மாமி என்னையே ஒரு கணம் பார்த்தார். பிறகு அவரும் கும்பிட்டார். என் முகம் எரிந்தது.

லிஃப்ட் அருகே நின்று மாமியின் போனில் வேறு மெயில் கணக்குத் தொடங்கி, கடிதத்தை மறுபடி அனுப்பினோம். மாமி வீடு போய்ச் சேருவதற்குள் பதில் வந்துவிட்டதாம். தாதாவுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அவர்கள் ஊர் திரும்பியதும் மாமி போன் செய்தார்.

"நன்னா நடமாடறார். உன்னாலதான். நீ நன்னா இருக்கணும்."

எதிரே கம்ப்யூட்டரில் அதே வாடிக்கையாளர் மீது அன்றைய புகார்கள் வந்துகொண்டிருந்தன. "சரி மாமி" என்று மட்டும் சொன்னேன்.