வளர்மதி வந்தால்தான் படம் வரும்

இந்த வாக்கியம் எங்கள் பள்ளியில் ஆறு வருஷமாகப் புழக்கத்தில் இருந்தது. விக்கிரமங்கலத்தில் நான் கம்ப்யூட்டர் வாத்தியார். லேபில் இருபது கம்ப்யூட்டர்கள், எல்லாம் லினக்ஸ். பாடம் நடத்தத் தெரியும், பரீட்சை வைக்கத் தெரியும். காலையில் திரை கறுப்பாக நின்றால் மட்டும் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், போனை எடுத்து வளர்மதியைக் கூப்பிடுவது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

வளர்மதி அரியலூர்க்காரர். வயது நாற்பத்திரண்டு. பள்ளி லேப்களைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. இருபத்தாறு பள்ளிகளுக்கு அவர் ஒருத்தர்தான். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஸ்கூட்டியில் வந்து இறங்கும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். முகத்தைக் கழுவக்கூட நேரமில்லாமல் கீபோர்டு முன்னால் உட்காருவார். ஐந்து நிமிஷ வேலை. வந்து போக இரண்டு மணி நேரம்.

கோளாறு பெரியதல்ல. கம்ப்யூட்டர் எழுந்ததும் திரையைப் பார்த்து, உன் அளவு என்ன என்று கேட்கும். திரை பதில் சொன்னால் படம் வரும். எங்கள் லேபிலோ காலையில் மெயின் சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். திரையின் பட்டனைப் பிள்ளைகள் வந்து சாவகாசமாக அழுத்துவார்கள். அதற்குள் கேட்டுப் பார்த்து, பதில் வராமல், கம்ப்யூட்டர் ஏதோ ஓர் அளவை வைத்துக்கொள்ளும். திரைக்கு அது ஒத்துவராது. "மொதல்ல ஸ்கிரீனைப் போடுங்க சார், அப்புறம் மெயினு" என்று வளர்மதி நூறு தடவை சொல்லியிருப்பார். நாங்களும் நூறு தடவை தலையாட்டியிருக்கிறோம்.

அவர் கணவர் சாமிதுரை சிமெண்ட் லாரி ஓட்டியவர். இரண்டு கிட்னியும் போய் இரண்டு வருஷமாக டயாலிசிஸ். செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் படுத்தால் பன்னிரண்டுக்குத்தான் எழ முடியும். வளர்மதி அவரைப் படுக்கவைத்துவிட்டுப் பக்கத்து ஸ்டூலில் உட்காருவார். ஒன்பதரைக்கு எந்தப் பள்ளியிலாவது பெல் அடிக்கும், மெயின் போடுவார்கள், இவர் போன் அடிக்கும்.

"நீ போ வளரு. நான் தூங்கிடுவேன். இங்க ஒண்ணும் இல்ல" என்பாராம் சாமிதுரை.

இவரும் போய்விடுவார். போகாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். பள்ளிக்கு லீவு விட்டாலும் விடிவில்லை, கம்பெனி பெரம்பலூர் ஆபீசுக்கு அனுப்பிவிடும். ஒரே ஒரு நாளாவது அந்த நாலு மணி நேரமும் எழுந்து ஓடாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வளர்மதிக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். அதை ஒரு நாள் என்னிடம், திரையைப் பார்த்துக்கொண்டே, கோபம் கூட இல்லாமல் சொன்னார்.

போன வருஷம் காலாண்டுத் தேர்வு சமயத்தில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எழுந்தவுடன் தானே ஓடுகிற மாதிரி பத்து வரி ஸ்கிரிப்ட். அதில் ஒரு பட்டியல்: மூன்றாம் நம்பருக்குச் சதுரத் திரை, இந்த அளவு, நான்காம் நம்பருக்கு அகலத் திரை, அந்த அளவு. கேள்வியும் வேண்டாம் பதிலும் வேண்டாம், நேராக அளவை வைத்துவிடு. மூன்று வாரம் பள்ளி பள்ளியாக அலைந்து ஐந்நூறு கம்ப்யூட்டரிலும் போட்டு முடித்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிருந்தது. "லீவு முடிஞ்சு மொத செவ்வாக்கிழமை நான் ஆஸ்பத்திரியில இருப்பேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த லீவில்தான் ஆயுத பூஜை வந்தது.

பூஜை என்றால் சும்மாவா? திரைகளையெல்லாம் கழற்றி வராந்தாவில் வைத்து, ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, சாயங்காலம் எடுத்து வந்து கண்ட இடத்தில் மாட்டினோம். எது எதோடு இருந்தது என்று யார் பார்த்தார்கள்? முன்னால் நின்று பொட்டு வைத்தவன் நான்தான்.

செவ்வாய்க்கிழமை முதல் பீரியட். மெயினைப் போட்டேன். இருபதில் பதினேழு திரை பொட்டு வைத்த முகத்தோடு கறுப்பாக நின்றது. கை பழக்கத்தில் போனை எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் ரிங் போன பிறகுதான் இன்று செவ்வாய் என்று உறைத்தது. அதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க சார்."

"படம் வரலம்மா."

"பூசைக்கு ஸ்கிரீனைக் கழட்டுனீங்களா சார்?"

"ஆமாம்மா."

"நீங்க பதிமூணாவது ஸ்கூல் சார். வரேன்."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை. மதியம் வந்து, ஒவ்வொரு திரையாகப் பார்த்துவிட்டு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். தூங்கியிருந்தார். பத்து நிமிஷம் கழித்து எழுந்து, "தப்பு எம்மேலதான் சார். எல்லாம் வச்ச எடத்துலயே இருக்கும்னு எழுதிட்டேன்" என்றார். எனக்கு எரிச்சல் முழுக்க என் மேலேயே வந்தது.

இரண்டாவது தடவை பட்டியல் இல்லாமல் எழுதினார். கம்ப்யூட்டர் எழுந்ததும் திரையைக் கேட்கும். பதில் வராவிட்டால் எந்தத் திரையும் தாங்குகிற சின்ன அளவில் படத்தை வைத்துவிட்டு, ஐந்து நொடிக்கு ஒரு தடவை திரும்பத் திரும்பக் கேட்கும். திரை விழித்துப் பதில் சொன்னதும் சரியான அளவுக்கு மாற்றிக்கொள்ளும். யார் எதை எங்கே மாட்டினாலும் சரி, எதை முதலில் போட்டாலும் சரி. திரும்பவும் இருபத்தாறு பள்ளி, திரும்பவும் ஐந்நூறு கம்ப்யூட்டர். கார்த்திகை மழையில் நனைந்துகொண்டே போட்டு முடித்தார்.

எங்கள் லேபில் படம் வந்தது. மறுநாளும் வந்தது. வேண்டுமென்றே இரண்டு திரைகளை மாற்றி மாட்டிப் பார்த்தேன், அப்போதும் வந்தது.

இரண்டு வாரம் கழித்து பராமரிப்புத் தாளில் மாதக் கையெழுத்து வாங்க வளர்மதி வந்தார். முகம் தெளிந்திருக்கும் என்று நினைத்தேன். முன்னைவிடச் சோர்ந்திருந்தது.

"செவ்வாக்கிழமை இருந்தீங்களாம்மா?"

"இருந்தேன் சார். நாலு மணி நேரமும். ஒரு போன் வரல."

தாளை நீட்டினார். நான் கையெழுத்துப் போடும்போது அவராகவே சொன்னார். மூன்றாவது மணி நேரத்தில் சாமிதுரைக்குக் கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டதாம். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடித்தாராம். இவர் பதறி நர்ஸைக் கூப்பிட, அந்தப் பெண் ஓடிக்கூட வரவில்லை. "எப்பவும் இந்த நேரத்துக்கு இழுக்கும்க்கா. கால் கட்டை விரலைப் புடிச்சு மேல மடக்குங்க" என்றிருக்கிறாள்.

"ரெண்டு வருசம் சார். செவ்வா, வெள்ளி, ஒண்ணு விடாம. எங்கிட்ட ஒண்ணும் இல்ல, தூங்கிட்டேன்னே சொல்லியிருக்காரு. ஏங்க சொல்லலன்னு கேட்டேன். சொன்னா நீ எப்படி வண்டி ஓட்டுவன்னு கேக்குறாரு."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தார். நான் லேபுக்குத் திரும்பினேன். இருபது திரையிலும் படம் வந்திருந்தது. போனை எடுத்து, பழைய செவ்வாய் வெள்ளிகளில் நான் அவரைக் கூப்பிட்ட நேரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். நாலைந்துக்கு மேல் பார்க்க முடியவில்லை.